விளாங்குடியில் நான் கை நனைக்கவில்லை

உசிலம்பட்டி,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

நாக்பூரில் ரயில்வே உத்தியோகம் பார்க்கும் மதிப்பிற்குரிய மச்சான் நல்லகாமன் அவர்களுக்கு, தங்கை புருஷன் வெள்ளைத்துரை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் தங்கை முத்துத்தாய், உங்கள் மருமகன் காளை, கறவை மாடு எல்லோரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தையும், குளிர் எப்படி என்பதையும் எழுதவும்.

நிற்க. "காளைக்குத் தாய்மாமன் நான் இருக்கிறேன். நான் வந்து பெண்ணைப் பார்த்துச் சரி சொல்லும் முன் எந்த வீட்டிலும் நீங்கள் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்" என்று பொங்கலுக்கு எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தையைக் கண்ணைப் போலக் காப்பாற்றி வருகிறேன். விளாங்குடிப் பக்கமிருந்து யாராவது வேறு மாதிரி எழுதினால் நம்ப வேண்டாம். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மோட்டாருக்குச் சாமான் வாங்க மதுரைக்குப் போனவன், தரகர் சொன்ன விளாங்குடிப் பெண் வீட்டை வெளியே நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். நான் வெளியே நின்றுதான் பார்த்தேன். பெண்ணின் தகப்பனார் முத்திருளன் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துவிட்டார், அதற்கு நான் என்ன செய்வது? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டார். பழனி பாதயாத்திரைக் கூட்டம் திண்டுக்கல் ரோட்டை அடைத்துக்கொண்டு போனதில் திரும்பி வர பஸ்ஸும் இல்லை. மணியோ ஒன்று. அடுப்படியிலிருந்து மொச்சை போட்ட புளிக்குழம்பு வாசனை வேறு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. பெண்ணின் தாயார் அன்னக்கொடி இலையோடு வந்து, "வந்தது வந்துட்டீகண்ணே, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்றார். "வேணாம் தங்கச்சி, மச்சான் இல்லாம நான் கை நனைக்க மாட்டேன்" என்று கறாராகச் சொன்னேன். அதற்கு அந்த அம்மாள், "அவரு பழனிக்கு மாலை போட்ருக்காருண்ணே, வீட்ல கவிச்சியே கெடையாது. வெறுஞ் சைவந்தேன்" என்றார்.

வெறும் சைவம் என்றதும்தான் எனக்கு மூளை வேலை செய்தது. பெண் வீட்டில் சோறு தின்றால் சம்மதம் என்று அர்த்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மச்சான், கறி இல்லாத சோற்றை நம் ஆட்கள் என்றைக்குச் சோறு என்று சொல்லியிருக்கிறார்கள்? உங்கள் தங்கையை எனக்குப் பேசி முடித்த அன்று உங்கள் வீட்டில் கிடா வெட்டினீர்கள். அதுதான் கை நனைப்பது. காய்கறி தின்பது வாய் நனைப்பது மாதிரி, மழைக்கு ஒதுங்குவது மாதிரி. அப்படி நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

பருப்பும் நெய்யும் முடிந்து சாம்பாருக்குக் குழி பண்ணிக்கொண்டிருக்கும்போது, பரிமாற வந்த பெண் அழகம்மாள் குனிந்து மெதுவாகச் சொன்னது: "மாமா, வாசல்ல அப்பா நாலு பேரக் கூப்ட்டு உக்கார வச்சிருக்காரு. நீங்க சாப்ட்டு எந்திரிச்சதும் சம்பந்தம் முடிஞ்சுதுன்னு சொல்லிருவாக. பிடிக்கலைன்னா இப்பவே எந்திரிச்சுருங்க. பருப்போட எந்திரிச்சா வயித்துவலின்னு நான் சமாளிச்சுருவேன். ரசம் வரைக்கும் போயிட்டீகன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

பெற்ற அப்பனின் தந்திரத்தை வந்தவனிடம் சொல்லி எச்சரிக்கிற பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை மச்சான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடைத்த தொண்டைக்கு ரசம் நல்லது என்பதால், "ஊத்துத்தா" என்றேன். அவ்வளவுதான். ரசத்துக்கு முன்னால் சாம்பாரும், மொச்சைப் புளிக்குழம்பும், வெண்டைக்காய் மோர்க்குழம்பும், கண்ணை மூடிக்கொண்டு தின்றால் ஈரல் என்றே சொல்லும்படியான சேனைக்கிழங்கு வறுவலும் வந்தன, அது என் குற்றம் இல்லை. பாயசத்தை இலையில் ஊற்றி அப்பளத்தை நொறுக்கிப்போட்டுக்கொண்டதும் ஒரு மரியாதைக்காகத்தான்.

கை கழுவ எழுந்ததும் முத்திருளன், "சம்பந்தி கை நனைச்சுட்டாருப்பா!" என்று கூவி வாசலில் கற்கண்டு கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் விடவில்லை. "கறி இல்லாத சாப்பாட்டுக்கு ஏதுய்யா சம்மதம்?" என்று கேட்டேன். அங்கிருந்த ஒரு கிழவர், "அப்ப எதுக்குய்யா வெரலு அஞ்சையும் நக்குனீரு?" என்றார். அந்த ஆளோடு எனக்கென்ன பேச்சு என்று வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னால் உங்கள் தங்கை ஆடித் தீர்த்துவிட்டாள். "எங்கண்ணன் வாராம நீங்க எப்பிடிப் பாயசம் குடிப்பீக?" என்று கேட்டுவிட்டு அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுவதில்லை. பஸ் ஸ்டாண்டு புரோட்டாவில் காலம் ஓடுகிறது. ஆகவே மச்சான், எதுவும் முடிவாகவில்லை. நீங்கள் லீவு போட்டு வந்து சரி சொன்னால்தான் சரி. அதுவரை விளாங்குடி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன். நீங்கள் மாலை எடுத்துக் கொடுக்காமல் காளை மணவறை ஏற மாட்டான். நீங்கள் இல்லாத கல்யாணம் எனக்கு வேண்டாம், இதை மனதிலிருந்து சொல்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. பிள்ளைகள் நூறாண்டு நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

தங்கள் சொல்லைத் தட்டாத,
வெள்ளைத்துரை.

பின்குறிப்பு: மேலே உசிலம்பட்டி என்று போட்டது கைப்பழக்கம். உண்மையில் விளாங்குடியில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பெண் வீட்டாரைக் கண்டித்துவிட்டு வருகிறேன் என்று உங்கள் தங்கை கிளம்பினாள், துணைக்கு நானும் காளையும் வந்தோம். இப்போது அவள் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாக மோர்க்குழம்பு கேட்கிறாள். காளை சாப்பிடாமல் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான். "பெரியப்பாவுக்குப் பிடிச்சது என்னன்னு கேட்டு எழுதுங்க மாமா" என்கிறது பெண், பெரியப்பா என்பது உங்களைத்தான். கடிதத்தின் மூலையில் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, கல்யாணக் கடிதம் போல மஞ்சள் தடவி அனுப்பிவிட்டான் என்று கோபப்பட வேண்டாம். சத்தியமாக அது மோர்க்குழம்பு. மற்ற மூன்று மூலையிலும் இருப்பது மட்டும் மஞ்சள், உங்கள் தங்கை தடவியது.