பூஜ்யம்-ஒண்ணு சார்

கொல்லிமலையின் மனிதர்கள், மாடுகள், மழை, மிளகு அத்தனையையும் இரண்டே எண்களில் அடக்கியவர் உலகத்தில் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மலைக்கு அவர் ‘பூஜ்யம்-ஒண்ணு சார்’.

1998-ல் எங்கள் ஆய்வு அலுவலகத்தில் அவர் பொருளாதார நிபுணர். நான் படிவங்களை எண்ணி அடுக்கும் எழுத்தர். சாமை விதைத்தவர்கள் ஏன் மரவள்ளிக்குப் போனார்கள் என்பது ஆய்வு. ஆளுக்கு ஆள் மாறுகிற எதற்கும் கணக்கில் ‘மாறி’ என்று பெயர். மரவள்ளி நட்ட ஏக்கர், விளைவு மாறி. நிலம், வயது, ரோட்டுக்கு உள்ள தூரம் எல்லாம் காரண மாறிகள். எண்ணில் அளக்க முடியாதது டம்மி மாறி: உண்டென்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம்.

இந்த டம்மி அவர் தலைக்கேறிவிட்டது. டீக்கடையில் “சர்க்கரை பத்துமாங்க?” என்றால் “பூஜ்யம்” என்பார்.

மலையின் ஒரு பகுதியான குண்டனி நாட்டில் ஒரு பெரியவரிடம், “பையன் பள்ளிக்கூடம் போறானுங்களா? ஒண்ணா, பூஜ்யமா?” என்றார்.

“சத்துணவுல முட்டை போடற அன்னைக்குப் போவானுங்க. அரைன்னு போடுங்க சாமி.”

“அரையெல்லாம் கெடையாதுங்க!”

“செரி, உங்களுக்குக் கல்யாணம் ஆச்சுங்களா?” பெரியவர் திருப்பிக் கேட்டார்.

“நிச்சயம் ஆயிருக்குதுங்க.”

“அப்ப அரை!”

அந்த ஐப்பசியில் நாமக்கல்லில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன், உடனே வாருங்கள் என்று விடிந்ததும் ஆபீசுக்கு போன். வெளியே அடைமழை. கீழே காரவள்ளி வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு. கடிகாரத்தைப் பதினொரு முறை பார்த்தேன்.

“காலை பஸ் வருமுங்களா சார்?”

“நேத்து கடைசி பஸ் மேல ஏறுச்சுங்களா?”

“ஏறுச்சுங்க.”

“மேலயே தங்கற வண்டி, இன்னைக்கு எறங்கித்தானுங்களே ஆகணும்? நேத்து ஏறுனதுக்கு ஒண்ணு போட்டா, இன்னைக்கு எறங்கறதுக்கும் ஒண்ணுதானுங்க. பையை எடுங்க!”

குடை பிடித்து ஸ்டாப் வரை வந்தார். பஸ்ஸும் வந்தது. வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். நாற்பத்திரண்டில் எண்ணிக்கை தவறியது. என் வாழ்க்கையில் அப்படித் தவறியது அந்த ஒரு முறைதான்.

மகள் பிழைத்தாள். பேத்தி வீறிட்டு அழுதாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆறாம் நாள் மலையேறினேன். வாசலிலேயே, “ஒண்ணா, பூஜ்யமா?” என்றார். எங்கள் படிவத்தில் குடும்பத் தலைவர் ஆணென்றால் ஒன்று, பெண்ணென்றால் பூஜ்யம்.

“பேத்திங்க. பூஜ்யம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க சார். ரெண்டு உசுரு பொழைச்சு வந்திருக்குது.”

அவர் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் சாயங்காலம் என் மேசையில் இருநூற்றுப் பதினான்கு படிவங்கள். அத்தனையிலும் ரப்பர் தேய்த்த தடம். பெண்ணுக்கு ஒன்று; ஆணுக்குப் பூஜ்யம்.

“ஐயோ, விடை மாறிப்போகாதுங்களா?” பதறினேன்.

“கூட்டல் குறி, கழித்தல் குறியாகுமுங்க. அவ்வளவுதான். யாரைப் பூஜ்யம்னு வெச்சாலும் நெசம் மாறாதுங்க.”

வழக்கம்போல எண்ணிப் பார்த்தேன். ஒரு படிவம்கூட விடுபடவில்லை. அவருடைய ரப்பர் மட்டும் துவரம்பருப்பு அளவுக்குத் தேய்ந்து கிடந்தது.

அப்போதே செம்மேட்டுக் கடைக்குப் போய் அவருக்குப் புது ரப்பர் வாங்கினேன். ஒன்று போதும்தான். இரண்டு வாங்கினேன்.