முப்பத்தொன்பதாவது இடம்

"மூணாவது கட்டத்துக்குப் போ! காத்திருக்கும் நாள்னு போட்டிருக்கும் பார், அங்க!"

தரையில் சுருண்டு கிடந்தபடியே கத்தினார் ஒப்பீடு. வலது கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. இடது கை, மனைவியின் மடியிலிருந்த லேப்டாப்பை நோக்கி நீண்டிருந்தது.

"என்னங்க, முகமே வெளுத்துப் போச்சு. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். கட்டமெல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"தெரு முனையில இருக்கே, அரசாங்க ஆஸ்பத்திரி. நடந்தா நாலு நிமிஷம்."

"போறதுக்கு நாலு நிமிஷம் போதும். திரும்பி வர்றதுக்குத்தான் நாலு பேர் வேணும்."

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் யாரும் அதைப் புழங்குவதில்லை; எல்லாருக்கும் அவர் 'ஒப்பீடு'தான். மூன்று வருடமாக, பெரும்பாலும் அலுவலக நேரத்தில், நாற்பத்திரண்டு நாடுகளின் மருத்துவத்தை ஒப்பிட்டு அவர் ஒரு பட்டியல் தயாரித்து வந்தார். தரம், செலவு, காத்திருக்கும் நாள் என்று கட்டம் கட்டமாக. பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் போதும், எட்டிப் பார்த்து, "இதே தும்மலை நீங்க ஆறாவது நாட்டுல தும்மியிருந்தா இந்நேரம் ஸ்பெஷலிஸ்ட் வந்திருப்பார்" என்பார். சொந்த நாட்டுக்கு அவர் கொடுத்திருந்த இடம் முப்பத்தொன்பது. அதை, தன் பிள்ளை பள்ளியில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோல் பூரிப்போடு சொல்வார்.

அன்று காலை கிளினிக் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்பெண்டிக்ஸ். சாயங்காலத்துக்குள்ள எடுத்தாகணும். விட்டா வெடிச்சிடும். என்கிட்ட ஊசியும் பஞ்சும்தான் இருக்கு, முனை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்று சொல்லியிருந்தார். ஒப்பீடு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். பட்டியலைப் பார்க்க.

"பட்டணத்துல தனியார் ஆஸ்பத்திரி இருக்கே? கார்ல ரெண்டு மணி நேரம்."

"முப்பத்தொன்பதாவது நாட்டுல தனியாரும் முப்பத்தொன்பதுதான்டி. அக்காவுக்குப் போன் போடு."

அக்கா இருந்தது பட்டியலில் நான்காவது நாடு. மருத்துவம் இலவசம்.

"தம்பி, இங்க ஒரு பைசா கேட்க மாட்டாங்க. தங்கமான டாக்டருங்க. உனக்குத் தேதி வாங்கிடலாம். ஏழு மாசத்துல கிடைச்சிடும்."

"ஏழு மாசமா? அதுக்குள்ள வெடிச்சிடுமேக்கா!"

"வெடிச்சா அவசர கேஸ். அதை உடனே பார்ப்பாங்க. நீ ஒண்ணு பண்ணு, வெடிச்சதும் போன் பண்ணு."

அடுத்து மச்சினன். அவன் இருந்தது இரண்டாவது நாடு. பணக்கார நாடு.

"மாமா, இங்க வாங்க. அரை மணி நேரத்துல எடுத்துடுவாங்க. எனக்குக்கூட போன வருஷம் எடுத்தாங்களே. கண்ணு முழிச்சதும் பில்லைக் காட்டினாங்க. மறுபடி மயங்கிட்டேன்."

"அப்புறம்?"

"அந்த மயக்கத்துக்குத் தனி பில் போட்டாங்க. இப்ப வீட்டை வித்துட்டு வாடகைக்கு இருக்கோம். தையல் மட்டும் சும்மா சொல்லக் கூடாது மாமா, வெளியில தெரியவே தெரியாது."

ஒப்பீடு போனை வைத்தார். வலி இடுப்பு வரை இறங்கியிருந்தது. ஆனால் கண்ணில் ஓர் ஒளி.

"முதலாவது நாடு! தரம் பத்துக்குப் பத்து. செலவு மலிவு. காத்திருக்கும் நாள் பூஜ்யம். விமானத்துல மூணே மணி நேரம்."

"பட்டணத்துக்கு ரெண்டு மணி நேரம் கார்ல போக மாட்டீங்க, மூணு மணி நேரம் பறப்பீங்களா?"

"பறக்கறது தரத்தை நோக்கி."

பயண ஏஜென்ட் பத்து நிமிடத்தில் வீட்டுக்கே வந்தார். கழுத்தில் டை, கையில் இரண்டு போன். நோயாளியை அவர் பார்த்த பார்வை, அளவெடுக்கும் தையல்காரரின் பார்வை.

"மத்தியான விமானத்துல சீட் இருக்கு சார். ரெண்டே ரெண்டு காகிதம் வேணும். விமான கம்பெனிக்கு, உங்களுக்கு ஒரு நோயும் இல்லைன்னு டாக்டர் சர்ட்டிபிகேட். தூதரகத்துக்கு, உங்களுக்குக் கடுமையான நோய்னு டாக்டர் சர்ட்டிபிகேட்."

மனைவி கேட்டாள்: "ரெண்டையும் எந்த டாக்டர் குடுப்பார்?"

"ஒரே டாக்டர் குடுப்பார்மா. பணம்தான் ரெண்டு தடவை."

கிளினிக் டாக்டர் இரண்டையும் எழுதிக் கொடுத்தார். ஒன்றில், 'இவர் குதிரை போல் இருக்கிறார்.' இன்னொன்றில், 'இவர் சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது.' ஒரே தேதி, ஒரே கையெழுத்து, ஒரே பேனா. ஏஜென்ட் இரண்டையும் போனில் படம் எடுத்து அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் எதை எங்கே அனுப்பினோம் என்று பார்த்தார்.

"அய்யய்யோ. மாத்தி அனுப்பிட்டேன் சார்."

தூதரகத்திலிருந்து உடனே அழைப்பு வந்தது. பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"ஐயா, நீங்க குதிரை மாதிரி இருக்கறதா எழுதியிருக்கே? அப்புறம் எதுக்கு எங்க நாட்டுல வைத்தியம்?"

"இல்லைங்க, நான் சாகப் போறேங்க! நிஜமாத்தாங்க!" என்றார் ஒப்பீடு.

"ஆதாரம்?"

ஏஜென்ட் மின்னல் வேகத்தில் இரண்டாவது சர்ட்டிபிகேட்டை அனுப்பினார். தூதரகக்காரர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே டாக்டர். ஒரே நாள். எது பொய்ங்க ஐயா?"

ஒப்பீடு யோசித்தார். குதிரை என்றால் விசா இல்லை. சாவு என்றால் விமானம் இல்லை.

"ரெண்டும் பாதி உண்மைங்க."

மருத்துவ விசா ஐந்து வருடத்துக்கு மறுக்கப்பட்டது.

"கவலைப்படாதீங்க சார்," என்றார் ஏஜென்ட், டையைத் தளர்த்திக்கொண்டே. "சுற்றுலா விசா இருக்கு. ஆன்லைன்ல ஒரு மணி நேரத்துல வந்துடும். போய் இறங்கினதும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துடுங்க. ஒரு போட்டோ மட்டும் வேணும். கொஞ்சம் சந்தோஷமா இருக்கணும். அந்த நாட்டுக்காரங்க அழுமூஞ்சி சுற்றுலாப் பயணியை உள்ள விடறதில்லை."

ஒப்பீட்டைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். ஏஜென்ட் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக் குனிந்துகொண்டார், படத்தில் தெரியாதபடி. மனைவி போனைத் தூக்கினாள்.

"சிரிங்க."

"சிரிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்க. கல்யாண போட்டோவுலேயும் இதே மூஞ்சிதான்."

"எடுத்துத் தொலைடி!"

அவர் சிரித்தார். முப்பத்திரண்டு பல்லும் தெரிய, கண்ணில் நீர் வழிய, உலகத்திலேயே சந்தோஷமான சுற்றுலாப் பயணி போல் சிரித்தார். போன் பளிச்சென்று மின்னியது. ஒப்பீடு மயங்கி ஏஜென்டின் மேலேயே சரிந்தார்.

"படம் நல்லா வந்திருக்கு," என்றார் அடியில் கிடந்த ஏஜென்ட், போனை எட்டிப் பார்த்து.

"வாயை மூடிட்டுக் காலைத் தூக்குங்க," என்றாள் மனைவி.

நாலு நிமிடம்கூட ஆகவில்லை. முனை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தள்ளுவண்டி கிடைத்தது. நான்கு சக்கரத்தில் மூன்று, சொன்ன பேச்சைக் கேட்டன. நடைபாதையின் இரு பக்கமும் நோயாளிகள் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். விழித்துக்கொண்ட ஒப்பீடு, சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எதுக்கு மூடுறீங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

"வெளிச்சம் கண்ணைக் கூசுது."

"இங்க லைட்டு எரிஞ்சு ரெண்டு மாசமாச்சே!"

டாக்டரம்மா வந்தாள். சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். ஆனால் விரலை வைத்த மாத்திரத்தில், மூன்று நாடுகளும் சொல்லாததைச் சொன்னாள்.

"இன்னும் அரை மணி நேரம்தான். உடனே திறக்கணும். தியேட்டர் தயார், நான் தயார். காசு ஒண்ணும் கட்ட வேண்டாம்மா."

மனைவி கைகூப்பினாள். துண்டுக்குள்ளிருந்து ஒப்பீடு முனகினார். அந்த முனகலில் முதல்முறையாக, முப்பத்தொன்பதை முப்பத்தெட்டாக்கலாமா என்ற யோசனை தெரிந்தது.

"ஒரே ஒரு சிக்கல்," என்றாள் டாக்டரம்மா. "மயக்க மருந்து இல்லை."

"தீர்ந்து போச்சா?"

"தீரலை. ஸ்டோர்ல பெட்டி பெட்டியா அடுக்கியிருக்கு. வந்து ஆறு மாசமாச்சு. பெட்டியைப் பிரிக்க ஒரு கையெழுத்து வேணும். அது இல்லாம ஸ்டோர்க்காரர் சாவியைக் குடுக்க மாட்டார். கோப்பு மாடிக்குப் போச்சு, திரும்பி வரவே இல்லை."

"அப்ப இங்க வர்றவங்க?"

"பட்டணத்துக்கு அனுப்பிடுறோம். உங்க வீட்டுக்காரர் அவ்வளவு தூரம் தாங்க மாட்டார். மயக்க மருந்து இல்லாம வெட்ட எனக்கு மனசு வரலை. ஆனா வேற வழியில்லைன்னா, நாலு பேர் பிடிச்சுக்கணும்."

துண்டு துடித்தது.

"எவன்... எவன் அந்தக் கையெழுத்துப் போடாத தடியன்?" ஒப்பீடு அலறினார். "இவனுங்களாலதான் நாம முப்பத்தொன்பது! ஒரு கையெழுத்து! அதைப் போடக்கூடத் துப்பில்லாதவனுக்கு எதுக்கு நாற்காலி, எதுக்குச் சம்பளம்? முதலாவது நாட்டுல இவனைத் தெருவுல நிறுத்தியிருப்பாங்க!"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கும் அந்த மனுஷனைப் பார்க்கணும்னு ஆசைதான்," என்றாள் டாக்டரம்மா. "நாலு மாசத்துல ஒரு நாள் வார்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எப்பப் போனாலும் கதவைச் சாத்திக்கிட்டு முக்கியமான வேலைல இருக்கார்னு சொல்றாங்க."

"என்ன பெரிய முக்கியமான வேலை? அவனை இழுத்துட்டு வாங்க! என் எதிர்ல நிக்க வைங்க!"

டாக்டரம்மா வார்டு உதவியாளரைக் கூப்பிட்டாள். "மாடிக்கு ஓடுங்கண்ணே. அந்தக் கோப்பும் வரணும், கையெழுத்தும் வரணும். பத்து நிமிஷம்தான்."

உதவியாளர் ஓடினார். கதவருகே மனைவி அவரை நிறுத்தி, காதில் ஏதோ சொன்னாள். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் படியேறினார்.

ஒரு நிமிடம் ஆனது. மூன்று ஆனது. நர்ஸ் ஒப்பீட்டின் வயிற்றில் மருந்தைத் தடவினாள். டாக்டரம்மா கையுறை மாட்டினாள். தெருவில் போன நான்கு தடித்த ஆட்களை ஏஜென்ட் கூட்டி வந்து நிறுத்தினார். அவர்கள் ஒப்பீட்டின் கை கால்களை, யாருக்கு எது என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உடம்பெல்லாம் வியர்த்து, துண்டு நழுவித் தரையில் விழுந்தது.

"இன்னும் வரலையா அந்தத் தடியன்?"

படிகளில் தடதடவென்று சத்தம். உதவியாளர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். தூசி படிந்த ஒரு கோப்பு கையில் இருந்தது. டாக்டரம்மா கையை நீட்டினாள். அவரோ அவளைத் தாண்டிப் போய், கோப்பைத் திறந்து ஒப்பீட்டின் நெஞ்சின் மேல் பணிவாக வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"ஆறு மாசமா உங்க மேசை மேலதான் கிடந்துச்சு சார். இந்த ஆஸ்பத்திரிக்குத் தலைமை அதிகாரி நீங்கதானே, ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."