ஒரு புட்டி தடைத் திரவம்

சனிக்கிழமை பகலில் எனக்கு ஒரே ஒரு வேலை. மயிலாப்பூரில் பிரேக் ஆயில் வாங்கி, அடையாறில் இருக்கும் என் அக்காள் மகன் சேகரிடம் கொடுக்க வேண்டும்.

சேகர் வங்கியில் குமாஸ்தா. தினமும் பழைய கார் ஒன்றில் வேலைக்குப் போவான். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே காரைச் சோழவரம் பந்தயத்தில் ஓட்டுவான். அந்த ஞாயிறு மறுநாள்.

"மாமா, ஊருக்குள்ள ஓட்ட சாதா ஆயில் போதும். பந்தயத்துல வளைவுக்கு வளைவு பிரேக் போடணும். சூட்டுல ஆயில் கொதிச்சிடும். அப்புறம் பெடலை மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. லேசுல கொதிக்காத ரகமாக் கேளுங்க. அது கெடைக்கலைன்னா ஓட்ட மாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"முன்னாடியே வாங்கி வைக்கிறதுக்கு என்னடா?"

"காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும் மாமா. புதுசா ஊத்தணும். மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்து வாங்குங்க."

ஆங்கிலத்தில் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தான். தெருமுனையில் அதைக் கிழித்துப் போட்டேன். ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசிய கையில் ஆங்கிலச் சீட்டா? என்னோடு தார்ச்சட்டி தூக்கியவர்கள் இன்று காரில் போகிறார்கள், ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அது அவர்கள் பாடு. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு, மிச்சத்தைத் துண்டறிக்கைகளில் படித்தவன்.

பிரேக் என்றால் தடை. அதில் ஊற்றுவது திரவம். தடைத் திரவம்! நடந்துகொண்டே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாராயக் கடைகளை மூடி, மதுவிலக்கு மறுபடி வந்திருந்த நேரம் அது. கடையைத் திறந்ததும் எங்கள் கட்சி ஆட்சி, மூடியதும் எங்கள் ஆட்சி. இரண்டையும் ஆதரித்துப் பேசியவன் நான்.

மயிலாப்பூர் லஸ் முனையில் கார் உதிரிபாகக் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பக்கத்தில் சோடாக் கடை. அங்கே விசாரித்தேன்.

"இன்னா வோணும் பெரியவரே?"

"தடைத் திரவம் எங்கே கிடைக்கும்?"

சோடாக்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலை இறக்கினார். "எத்தினி?"

"ஒரு புட்டி."

"சாதாவா, ஸ்பெஷலா?"

ஆள் விவரம் தெரிந்தவர்! "சாதா வேண்டாம். சூடு தாங்க வேண்டும். என் மருமகன் நாளைக்கு வேகமாகக் கார் ஓட்டப் போகிறான்."

"இத்த ஊத்திக்கினுதான் ஓட்டப் போறாரா?"

"ஊற்றாமல் எப்படி ஓட்டுவது? ஊற்றினால்தானே வண்டி நிற்கும்!"

"நிக்கும் சாரே. மரத்துல போயி நிக்கும்."

குறும்புக்காரர் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். அவர் சந்துக்குள் போய், தாளில் சுற்றிய புட்டி ஒன்றோடு வந்தார்.

"மூடி இறுக்கமாக இருக்கிறதா? காற்றுப் பட்டால் வீரியம் போய்விடுமாம்."

"அட, நைனா எல்லாம் தெரிஞ்ச ஆளு!"

"கொதிக்காதே?"

"உள்ள எறங்கினா நெஞ்சே கொதிக்கும்!"

வாசனை மூக்கைத் துளைத்தது. பந்தய ரகம் இப்படித்தான் நாறும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். மதுவிலக்கு மேடையில் ஒரு மணி நேரம் சாராயத்தைத் திட்டுகிறவன், அதை ஒரு நாளும் முகர்ந்து பார்த்ததில்லை.

பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல நகர்ந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் மெல்ல நெருங்கினார்.

"பெரிசு, பையில இன்னா?"

நிமிர்ந்து நின்று சொன்னேன்: "தடைத் திரவம்."

அவர் அசந்துபோனார். "இருபது வருஷ சர்வீசுல கேட்டதும் ஒத்துக்கின மொத ஆளு நீதான்யா. வா!"

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "இதுக்கு முன்னாடி உள்ள போயிருக்கீங்களா?"

"ஐந்து முறை!" என்றேன். ஐந்தும் மொழிப் போராட்டச் சிறை; பெருமையில் குரல் உயர்ந்துவிட்டது.

"அஞ்சு தடவையும் இதே சரக்குதானா?"

சேகரின் வங்கிக்கு போன் போட்டார்கள். அரை நாள் வேலை முடிந்து கிளம்ப இருந்தவன் ஓடி வந்தான். புட்டியை முகர்ந்தான். என்னைப் பார்த்தான். விஷயத்தை விளக்கினான். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, கேட்டது ஒண்ணு, குடுத்தது ஒண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

'தடைத் திரவம் கேட்டேன்' என்று தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அப்படி எழுதினா கேஸ் உறுதியாயிடும். பிரேக் ஆயில்னு இங்கிலீஷ்லயே எழுதுங்க."

"முடியாது. வேண்டுமானால் உள்ளே தள்ளுங்கள்!"

"மாமா," என்றான் சேகர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. "சனிக்கிழமைன்னா கடையை மூணு மணிக்கு மூடிடுவான்." மணி இரண்டு நாற்பது.

ஐந்து சிறைகளிலும் எதையும் எழுதிக் கொடுத்து நான் வெளியே வந்ததில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதி வந்தவர்களை இன்றும் மேடையில் பெயர் சொல்லித் திட்டுகிறேன்.

எழுதினேன். ஆங்கிலத்தில். ஒவ்வோர் எழுத்தாக.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். "ஐயா, இது உடைக்கிற பிரேக். நிறுத்துற பிரேக்குக்கு ஸ்பெல்லிங் வேற."

அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். சேகர் கடைக்குப் பறந்தான்.

மறுநாள் அவன் கார் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றதாம். நிற்காமல் போனது நான் ஒருவன்தான்.