வசனம் அழித்த வாய்ஸ்கள்

கொட்டகலையில் பேசத் தெரிந்த ஒரே மனிதன் வசனம்தான். மற்ற நாங்கள் எல்லாரும் சத்தம் போடுகிறவர்கள். இதை அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான். அதனால்தான் பாதிப் பேருக்கு அவனைப் பிடிக்காது.

கடைவீதியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கு நாடகமும் எழுதுவான். பெயர் அப்படி வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்போது சிக்னல் கிடையாது. வெளியூரில் இருக்கிறவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப அவன் கடைக்குத்தான் போக வேண்டும். போனால் சும்மா அனுப்ப விடமாட்டான். கேட்டுப் பார்ப்பான், அழிப்பான், மறுபடி பேசச் சொல்வான்.

மாடசாமி மாமா கொழும்பில் இருக்கும் மகனுக்கு, "நான் சாகப் போறேன், ஒடனே வா" என்று பேசினார்.

"சாகப் போற ஆளு இப்புடியா கத்துவாரு?" என்று வசனம் அதை அழித்தான். "பசு கண்ணு போட்டிருக்கு, பாக்க ஆளில்லன்னு மெதுவாச் சொல்லுங்க மாமா. நீங்க தனியாக் கெடக்குறது அவனுக்கு வெளங்கும்."

மகன் அடுத்த ரயிலிலேயே வந்தான். வந்ததும், கன்று என்ன விலைக்குப் போகும் என்று கேட்டான். மாமா தடியோடு கடைக்கு வந்தார்.

"வந்தானா இல்லையா, அதச் சொல்லுங்க மாமா" என்றான் இவன், மேசைக்குப் பின்னால் குனிந்துகொண்டு.

நானும் அவனிடம் மாட்டினேன். என் மனைவி செல்வி, விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாள். இதெல்லாம் ஒரு கேள்வியா?

"ஒன் இஷ்டம். வந்தா வா, வராட்டி போ" என்று பேசினேன்.

அழித்துவிட்டான்.

"அன்பே, நீ இல்லாத இந்த..." என்று ஆரம்பித்தேன்.

"யாருடா அது? செல்விக்குத் தெரியாத ஆளு யாரோ பேசுற மாதிரி இருக்கு. திரும்பப் பேசு."

பேசினேன். மூக்கு உறிஞ்சியது போதாது என்றான். அடுத்த தடவை, ரொம்ப அதிகம் என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஒனக்கு என்னடா தெரியும், ஒண்டிக்கட்ட? பெரட்டுக்கு நேரமாச்சு எந்திரின்னு தெனம் விடியக்காலம வெறும் பாயப் பாத்துச் சொல்றேன். கொழம்புல உப்பில்லன்னு சண்ட போடக்கூட வீட்ல ஆளில்ல. அவ கஷ்டப்படுறது எங்களுக்காகத்தான? நான் எந்த வாயால வான்னு சொல்றது, கழுத?"

வசனம் மெதுவாக விரலை எடுத்தான். அதுவரை போனில் பதிவுப் பட்டனை அமுக்கியபடியே இருந்திருக்கிறான். வாய்ஸ் செல்விக்குப் போய்விட்டது.

"இதுதான்டா நீ" என்றான்.

கையை ஓங்கினேன். மறுபடி மேசைக்குப் பின்னால் போய்விட்டான். அந்த மேசை மட்டும் இல்லாவிட்டால் அவன் எப்போதோ செத்திருப்பான்.

மறுநாள் செல்வியின் பதிலை அந்தக் கடையிலேயே கேட்டோம். முதலில் வெறும் மூச்சு. பிறகு, "பக்கத்துல அந்தக் கிறுக்கு அண்ணன் நிக்கிறாரா? அவர்கிட்டச் சொல்லிருங்க, நான் கையெழுத்து வைக்கல. ஆனா ஒண்ணு, வந்தா மொத மாசம் என்னைய யாரும் பெரட்டுக்கு எழுப்பக் கூடாது."

வசனம் சிரிக்கவில்லை. அதை இன்னொரு தடவை போடச் சொன்னான்.

செல்வி வந்துவிட்டாள். இப்போது வசனம் ஊரில் இல்லை. தோட்டத்துக்கு மேலே சிக்னல் கோபுரம் வந்தது. அவரவர் வீட்டுக்குள் இருந்தே கண்டதையும் பேசி அனுப்புகிறார்கள், திருத்த ஆளில்லை. கடை படுத்துவிட்டது. அவன் கட்டாருக்குப் போய் ஏதோ ஒரு பெரிய கடையில் பெட்டி தூக்குகிறான்.

போன வாரம் அவனிடமிருந்து ஒரு வாய்ஸ். "நல்லாருக்கேன்டா. சாப்பாடு நல்லாருக்கு. ரூம் நல்லாருக்கு. எல்லாம் நல்லாருக்கு."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த செல்வி கையை நிறுத்தினாள்.

"போன புதுசுல நானும் இப்புடித்தாங்க பேசுனேன்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கழுதை, எருமை என்று தொடங்கி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிப் பதிவு செய்தேன். அனுப்பும் முன் கேட்டுப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் குரல் உடைந்திருந்தது.

அப்படியே அனுப்பினேன்.