சந்தனக்கடை பாவாவின் சொனாட்டா

கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு, "சார், எப்ப சார் கரண்ட்ட நிறுத்துவீங்க?" என்று ஆசை ஆசையாகக் கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திருத்தணியில் இருக்கிறார். சரவணப் பொய்கைப் பக்கம் போய் சந்தனக்கடை பாவா என்றால் யாரும் கைகாட்டுவார்கள்.

மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குக் குழைத்த சந்தனம் விற்பது பாவாவின் பிழைப்பு. பியானோவுக்கு இசை எழுதுவது அவருடைய பைத்தியம். பழைய ஐரோப்பிய இசைமேதைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், தலை நிறையப் பொய்முடி வைத்திருப்பார்கள். அவர்கள் பாணியில், மொட்டைத் தலைகளை நம்பி வாழ்ந்த ஒருவர் சொந்தமாக இசை எழுதி, கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவின் கீபோர்டுதான் அவருடைய பியானோ.

ஒரு கல்யாண கோஷ்டி கடைக்கு வந்து, "ரிசப்ஷனுக்கு நாலு சினிமாப் பாட்டு வாசிப்பீங்களா?" என்று கேட்டது. பாவா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்மகிட்ட எல்லாம் சொந்தச் சரக்குங்க. சந்தனத்துலயும் சரி, சங்கீதத்துலயும் சரி, கலப்படமே கிடையாது."

"சந்தனத்துல கூடவா?"

பாவா கொஞ்சம் யோசித்தார். "சங்கீதத்துல கிடையாது" என்று திருத்திக்கொண்டார்.

நான் அப்போது அந்த ஊரில் வேலை பார்த்தேன். அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீடியோவுக்குக் கீழே ஆங்கிலத்தில் வருகிற கருத்துகளைப் படித்துச் சொல்வது வாடகையோடு சேர்ந்து வந்த கடமை. வீடியோவில் பாவாவின் கைகள் மட்டும்தான் தெரியும். முதல் கருத்தே, "இசை இனிமை. ஆனால் உங்கள் விரல்கள் மஞ்சளாக இருக்கின்றன, தயவுசெய்து உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்று இருந்தது. சந்தனம் என்று விளக்கி நான் பதில் போடுவதற்குள் இன்னும் பல பேர் அவருக்கு மஞ்சள் காமாலை வைத்தியம் சொல்லிவிட்டார்கள்.

அவர் தன் படைப்புகளுக்கெல்லாம் சொனாட்டா என்றே பெயர் வைத்தார். அவர் மனைவி மஞ்சுளா அக்காவுக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. "சொனாட்டாவோ சொல்லாட்டாவோ, கொழம்பு ஆறுது. துன்னுட்டுப் போய் வாசி."

எல்லாவற்றுக்கும் மேலான எதிரி பக்கத்துப் போர்ஷனில் இருந்தான். மஞ்சுளா அக்காவின் தம்பி லோகு. அம்மையார்குப்பத்திலிருந்து வந்து இரண்டு விசைத்தறி போட்டு லுங்கி நெய்தான். தெலுங்கு வழக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்று அவன் கூப்பிட்டதைக் கேட்டுத்தான் தெருவே அப்படிக் கூப்பிட்டது. அந்தக் கணக்கில் எழுபது வயது தாத்தாக்கள்கூட அவருக்கு மச்சினர்கள்.

லோகுவின் தறி மட்டுமல்ல, தெரு முழுக்கத் தறிகள். கரண்ட் இருக்கிறவரை ராத்திரி பகல் பார்க்காமல் தடதடவென்று ஓடும். வேறு இடத்துக்குக் கீபோர்டைத் தூக்கிப் போகலாம் என்றால், அசைத்தாலே அதில் நாலைந்து கட்டை ஊமையாகிவிடும்.

"டேய், ஒரு பத்து நிமிஷம் நிறுத்துடா."

"நிறுத்தினா அறுந்துடும் பாவா."

"நிக்கிற தறியில இன்னாடா அறும்?"

"என் மனசு அறும்."

அதனால்தான் கரண்ட் போகிற நாளுக்காகப் பாவா தவம் கிடந்தார். பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்தால் தெருவே தலையில் கை வைக்கும். பாவா மட்டும் குளித்து, விபூதி பூசி, புதுச் சட்டை போட்டு, கீபோர்டுக்குப் பழைய பேட்டரி ஒன்றைப் பொருத்தி உட்காருவார். அப்படி ஒரு தடவை அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பகுதிக்கு வரும்போது, ஆர்.கே.பேட்டைக் காவடிக் கூட்டம் ஒன்று பம்பையோடு தெருவில் நுழைந்து "அரோகரா!" என்றது. பாவா மனம் தளராமல் அதையும் சேர்த்து ஏற்றினார். "அந்தப் பாடகர் குழு நுழையும் இடம் அபாரம். எந்த ஊர்க்காரர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

இந்த நிலையில்தான் ஏதோ ஒரு குளிர் தேசத்துப் பியானோ ஆசிரியை எழுதினார். பாவாவின் மெதுவான சொனாட்டா ஒன்று அவருக்குப் பிடித்துவிட்டது. தன் மாணவி அதை மேடையில் வாசிக்கப் போகிறாள். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுவதால் மெல்லிய இடங்கள் காதில் விழவில்லை. இந்த வாரத்துக்குள் சுத்தமான ஒரு பதிவு கிடைக்குமா?

நான் படித்துச் சொன்னதும் பாவா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னொரு வாட்டி படிங்க சார்" என்றார். அவருடைய இசையை வாசிக்க வேண்டும் என்று இன்னொருவர் ஆசைப்பட்டது அதுவரை நடந்ததில்லை.

அன்றே கரண்ட் ஆபீசுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"கரண்ட்டு இல்லன்னு திட்டுவாங்க. தெனம் வாங்கிகினுதான் கிறோம். இருக்குதுன்னு வந்து அழுற மொத ஆளு நீங்கதான்."

"ஒரு பத்து நிமிஷம், சார்..."

"போங்கண்ணா. இந்த வாரம் போவாது."

பாவா அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. மஞ்சுளா அக்கா திட்டவும் இல்லை. அதுதான் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது.

மறுநாள் மத்தியானம். தெருவில் ஒவ்வொரு தறியாக அடங்கியது. கடைசியாக லோகுவின் தறியும் நின்றது. காக்கை கத்துவதுகூடக் கேட்டது. ஏன், எதற்கு என்று கேட்காமல் "முருகா" என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார் பாவா. வாசிக்க ஆரம்பித்தார்.

நான் படியிறங்கி வந்தேன். வாசற்படியில் லோகு உட்கார்ந்திருந்தான். தெருக்கோடியிலிருந்து தறிக்காரர்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். நடந்தது இதுதான்: லோகு வீடு வீடாகப் போய், "கரண்ட்டு திருட்டுக்குச் செக்கிங் வராங்க, பறக்கும் படை! எல்லாரும் தறிய நிறுத்துங்க" என்று புளுகியிருந்தான். யார் வீட்டில் என்ன இணைப்பு என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும், எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பறக்கும் படை பறந்து வராததால் இப்போது அவர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் லோகுவின் சட்டையைப் பிடித்தார்.

லோகு உதட்டில் விரலை வைத்தான்.

"அடிக்கறதுன்னா அடிண்ணா. சத்தம் வராம அடி. உள்ள பாவா வாசிச்சிகினு கிறாரு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து அந்த மெதுவான சொனாட்டா வந்தது. ஒருவர் செருப்பைக் கழற்றி ஓசைப்படாமல் ஓரமாக வைத்தார். மற்றவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி ஸ்வரம் தேய்ந்து அடங்கி, பாவா கதவைத் திறக்கும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் லோகுவை அடித்தார்கள்.

அந்த ஊரை விட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. எனக்கு இன்றுவரை சொனாட்டா என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் பாவா புதிதாக ஒன்று ஏற்றினால் முதல் ஆளாகக் கேட்டு, முதல் ஆளாக ஒரு வரி எழுதிவிட வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம். கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தும் ஒருமுறைகூட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் லோகு முந்திவிடுகிறான்.