லொரென்சோவின் கொடுமை

இனி இந்த வீட்டில் யாரும் 'வெக்கை' என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்று எலாதியோ ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தார். காரணம் இருந்தது. முந்தின நாள் அவர் மனைவி எங்கார்னா அதை நாற்பத்து மூன்று தடவை சொல்லியிருந்தாள். எலாதியோ பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணாமல் இருக்க அவரால் முடியாது.

ஜூலை மாதம். எசிஹா ஊருக்கு வாணலி என்றே பட்டப்பெயர். ஜன்னல் மறைப்புகளை எல்லாம் இறக்கிவிட்டு இருவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெக்கை வச்சிருக்கேன்," என்றாள் எங்கார்னா. அந்த ஊர்ப் பேச்சு அப்படி. வெக்கையை வானம் செய்யும், மனிதர்கள் வைத்திருப்பார்கள்.

"வச்சிருந்தா கீழே வை. எதுக்குச் சுமக்கறே?"

"நீ வச்சிருக்கலையா?"

"நான் அதெல்லாம் வச்சுக்கறதில்ல."

"அப்போ பந்தயம் வை."

வைத்தார்கள். ஞாயிறு மதியம் கோயில் மணி இரண்டு அடிப்பதற்குள் யார் அந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அவர்களுக்குத் தோல்வி. எலாதியோ ஜெயித்தால் ஆகஸ்ட் முழுவதும் எசிஹாவில், நண்பர்களோடு டொமினோ ஆட்டம். எங்கார்னா ஜெயித்தால் வடக்கே சாந்தாந்தேரில், அவள் தங்கை பூரா வீட்டில். அங்கே ஆகஸ்டிலும் தூறும். டொமினோ கிடையாது. பூராவின் புருஷன் லொரென்சோ உண்டு. அவனுடைய சிறுநீரகக் கல் கதையை எலாதியோ பதினொரு தடவை கேட்டிருக்கிறார்.

வாயைத் திறந்தாலே வெக்கை என்பவள் எப்படித் தாக்குப்பிடிப்பாள்? எலாதியோவுக்கு உண்மையிலேயே அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. மதியம்வரை விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எங்கார்னா பெருமூச்சு விட்டாள்.

"இன்னைக்கு லொரென்சோ என்னா அடி அடிக்கிறான்."

எலாதியோ நிமிர்ந்தார். சூரியனுக்கு அந்த நாட்டில் லொரென்சோ என்று செல்லப்பெயர். சொன்னது வெக்கை இல்லை; விதி மீறவில்லை. இருந்தாலும் பந்தயத்துக்கென்று வைத்திருந்த நோட்டில் அவள் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை, "லொரென்சோ என் உயிரை எடுக்கறான்."

புதன்கிழமை, "லொரென்சோவால மத்தியானத் தூக்கமே போச்சு."

வியாழக்கிழமை முற்றத்துச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு மிலாக்ரோஸிடம், "அந்த லொரென்சோ மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல."

"எனக்கு மட்டும் பிடிக்குதா? நேத்து கொடியில கிடந்த என் பாவாடையைச் சாயம் போக வச்சிட்டான்," என்றாள் மிலாக்ரோஸ்.

ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்றரை. மேசையில் குளிர்ந்த தக்காளி சூப். எலாதியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"முப்பத்தொரு தடவை லொரென்சோவைத் திட்டியிருக்கே. சூரியனைத் திட்டினாலும் அதே புகார்தான். நீ தோத்தே."

"சூரியனா? நான் பூரா புருஷனைச் சொன்னேன்."

இந்தப் பதிலுக்காகத்தான் அவர் ஆறு நாள் காத்திருந்தார்.

"ரொம்ப நல்லது. உயிரை எடுக்கறவன், மூஞ்சியில முழிக்க முடியாதவன். அவன் வீட்டுக்கு நாம எதுக்குப் போகணும்?"

எங்கார்னாவின் கரண்டி நின்றது. எலாதியோவுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"நியாயமான கேள்வி. சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

மணி ஒன்று ஐம்பத்திரண்டு. அவள் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டாள்.

"மனுஷா, அந்தக் கம்பளிச் சால்வையை எடுத்துக் குடு."

"எதுக்கு?"

"குளிருது."

"குளிருதா?"

"முதுகெல்லாம் சில்லுங்குது. காய்ச்சலோ என்னமோ."

எலாதியோ எழுந்துவந்து அவள் நெற்றியில் கை வைத்தார். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள், மனசு பதறாதா? அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சூப்பில் சொட்டியது.

"குளிரா? இந்த வெக்கையிலயா?"

எங்கார்னா விசிறியை விரித்து மெதுவாக வீசிக்கொண்டாள். கோயில் மணி இரண்டு அடித்தது.

எலாதியோ நோட்டை எடுத்தார். ஏழு நாளாகக் காலியாகக் கிடந்த தன் பக்கத்தில் 'ஒன்று' என்று எழுதினார். பிறகு போய்ச் சால்வையைக் கொண்டுவந்து நீட்டினார்.

அவள் அதைத் தோளில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பயணப் பெட்டியை இழுத்துத் திறந்து அதற்குள் வைத்தாள். அங்கே அவருடைய ஸ்வெட்டர்கள் இரண்டும் ஏற்கெனவே மடித்துக் கிடந்தன.