சிகாமட்டை நான் மூழ்கடித்த நாள்

உலகத்தை அழிப்பது சுலபம். அதை ஜொகூரில் வைத்து அழிப்பதுதான் கஷ்டம்.

ஜொகூர் பாருவில் ஒரு சிறிய வரைகலை அலுவலகத்தில் என் தகுதிகாண் காலம் முடியவிருந்த வாரம் அது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துப் பள்ளியில் பாதியிலேயே நின்றவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். (இதை நான் சொல்லாவிட்டால் அப்பா சொல்லிவிடுவார், பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களிடம்கூட.) ஆகவே, வேலை நிரந்தரமாகாமல் சொந்த ஊரான சிகாமட்டுக்குத் திரும்பிப் போவது என்பது நினைத்தே பார்க்க முடியாத விஷயம்.

என்னை நிரந்தரமாக்குவதற்கு முதலாளி மேடம் வைத்த சோதனை ஒரே ஒரு படம். கணினி விளையாட்டு தயாரிக்கும் வாடிக்கையாளர் ஒருவருக்கு, உலகம் அழிந்த பிறகு ஜொகூர் எப்படியிருக்கும் என்று சினிமாக் காட்சி போல வேண்டுமாம். வரைவது ஏஐ. என்ன வரைய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது நான். அந்த வரிகளுக்கு பிராம்ப்ட் என்று பெயர். பிராம்ப்ட் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது அப்போது என் எண்ணம்.

‘சாம்பல் வானம், அகன்ற திரை, மங்கிய பக்கவாட்டு ஒளி, இடிந்த கோபுரங்கள், கிழிந்த அங்கியில் தனியே நடக்கும் வீரன்’ என்று எழுதினேன். படம் பிரமாதமாக வந்தது.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “அழகா இருக்கு லா. ஆனா ஜொகூர்ல எப்பம்மா பனி பெஞ்சிச்சி?”

பனியை எடுத்தேன். பாலைவனம் வந்தது, ஒட்டகத்தோடு.

கடைசியில் ஒரு யோசனை. சிகாமட்டில் எங்கள் வீட்டு வரிசையின் புகைப்படத்தை ஏஐயிடம் கொடுத்து, ‘ஜன்னல்வரை பழுப்பு வெள்ளம், மழைக்கால மேகம், அதே வீரன்’ என்றேன். அடடா! நான் கார் பழகியபோது இடித்து வளைத்த கேட் கம்பிகூட அப்படியே இருந்தது. அப்பாவின் மோட்டார் சைக்கிளில் இரண்டு கண்ணாடிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே. வீரன் எங்கோ தூரத்தில் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தான்.

பெருமை தாங்கவில்லை. குடும்ப வாட்சாப் குழுவில் போட்டு, “நம்ம வீட்டப் பாருங்க!” என்று எழுதினேன். விளக்கம் எழுதுவதற்குள் மேடம் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். கைப்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் வதந்தி பிடிக்கும் போலீஸ் நான்தான். யார் எதை அனுப்பினாலும் “ஆதாரம் எங்கே?” என்று கேட்டு அழவைப்பவள். ஆகவே நான் ஒன்றை அனுப்பினால் அது அரசாங்க அறிவிப்புக்குச் சமம்.

அந்த நேரம் மொத்தக் குடும்பமும் பக்கத்து ஊரான லாபிஸில், சித்தப்பாவின் பேத்திக்குக் காதுகுத்து விசேஷத்தில் இருந்தது. அங்கே காலையிலிருந்தே மழை. குழந்தை தாய்மாமன் மடியில். வலது காது முடிந்து, பத்தர் இடது காதுக்குக் குனிந்தபோது படம் போய்ச் சேர்ந்தது.

“அலமாக்! அண்ணே, உங்க வீடு!” என்று சித்தப்பா கத்தினாராம்.

எல்லாரும் சித்தப்பாவின் லோரியில் ஏறினார்கள். சோற்றுப் பானை ஏறியது. குழந்தை ஏறியது. “ஒரு காதோட விட்டுட்டுப் போவக்கூடாதும்மா” என்று பத்தரும் ஏறினார்.

சிகாமட்டில் வெயில். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“தண்ணியே காணோமேண்ணே?” என்றாராம் சித்தப்பா.

அப்பா எனக்குப் போன் போட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. உடனே அவரே முடிவு செய்துவிட்டார். “இன்னும் வரல. பிள்ள படிச்சவ. கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே காட்டுது. தூக்கு பிரிட்ஜ!”

கூட்டம் முடிந்து வந்தால் கைப்பேசி முழுக்கத் தவறிய அழைப்புகள். அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். பிரிட்ஜ் சாப்பாட்டு மேசைமேல். மெத்தைகள் அலமாரிமேல். சமையல் மேடைமேல் தாய்மாமன், அவர் மடியில் குழந்தை, பத்தர் இடது காதைக் குத்திக்கொண்டிருந்தார். மக்சிக்கின் துணி துவைக்கும் இயந்திரத்தைச் சித்தப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் தூக்கிப் போனார்கள். அம்மா நடுவில் நின்று எல்லாருக்கும் பாயசம் ஊற்றினார்.

“அம்மா! அது நெசம் இல்லம்மா! நான் கம்ப்யூட்டர்ல செஞ்ச படம்!”

திரையில் அப்பாவின் முகம் வந்தது.

“நீ செஞ்சதா?”

“ஆமாப்பா.”

“மோட்டார் கண்ணாடிகூடவா?”

“ஆமாப்பா.” வசவுக்குக் காத்திருந்தேன்.

அவர் திரும்பி, “டேய் தம்பி, இங்க வாடா! எம்மவ செஞ்சதாம்டா! நெசத் தண்ணி மாதிரியே இருக்கு!” என்று கூவினார்.

“அப்ப இந்தப் பிரிட்ஜ யாரு எறக்குறது?” என்றார் அம்மா.

வெட்கத்தில் நான் மேசைக்கடியில் போகாத குறை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. நான் ஒரு உருப்படியான பிராம்ப்ட் எழுதும் நேரத்துக்குள் இவர்கள் ஒரு தெருவையே தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். யாரும் அழவில்லை, யாரும் தனியாக நிற்கவில்லை. என் வீரனைப் பார்த்தேன். எங்கள் தெருவில் அவன் அப்படி நடந்து போயிருந்தால், “தம்பி, சும்மாதான போற, இந்தப் பக்கம் புடி” என்று பிரிட்ஜின் ஒரு முனையைக் கையில் கொடுத்திருப்பார்கள்.

வீரனை நீக்கினேன். முழங்கால் தண்ணீர், மேசைமேல் பிரிட்ஜ், மடியில் குழந்தை, காது குத்தும் பத்தர், பாயசம் ஊற்றும் பெண் என்று எழுதினேன். வானம் மட்டும் அதே சாம்பல்.

மேடம் நெடுநேரம் பார்த்தார். “ஒலகமே முடிஞ்சாலும் இவங்க காது குத்தாம விடமாட்டாங்க போல” என்றார். வாடிக்கையாளருக்குப் பிடித்துப்போனது. எனக்கு வேலை நிரந்தரமானது.

சித்தப்பாவின் பேத்தியை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், ஒரு காது லாபிஸில் குத்தியது, மறுகாது சிகாமட்டில் குத்தியது என்று சொல்லிவிட்டுத்தான் பெயரையே சொல்கிறார்கள். சிகாமட்டில் தூறல் விழுந்தால் அப்பா முதலில் அழைப்பது என்னைத்தான்.

“பாப்பா, இது மேலருந்து வருதா, ஒன் ஆபீஸ்லருந்து வருதா?”